பிலோமினா நோட்டில் இருந்த இங்கிலீஷ்

போன திங்கட்கிழமை காலை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் டம்ளரோடு எழுந்து எனக்கு இடம் விட்டார்.

"உக்காருங்க சார். நீங்க பிலோமினாம்மா வீட்டுக்காரர்தானே?"

காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாக இங்கிலீஷ் வாத்தியார் நான். பகலில் பிளஸ் டூ பிள்ளைகள், சாயங்காலம் டியூஷன். "இங்கிலீஷ் மாஸ்டர் வீடு" என்று சொன்னால் போதும், எந்த ரிக்‌ஷாக்காரரும் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரே நாளில் விலாசம் மாறிப்போய்விட்டது!

"ஆமாங்க... அவ வீட்டுக்காரன்தான்" என்றேன். சொல்லும்போது முப்பத்திரண்டு பல்லும் தெரிந்திருக்கும்.

என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் வந்திருக்கிறேன். கொஞ்சம் என் மானம் போகிற கதை. போகட்டும். வீட்டுக்குள்தானே போயிருக்கிறது.

பிலோமினா, எங்கள் பங்குக் கோயில் பாடற்குழுவின் தலைவி. பதினைந்து வருடமாக. படிப்பு — தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. குழுவில் ஒன்பது பெண்கள். தையல் கடை வைத்திருக்கிற ஜெசிந்தாவைத் தவிர மற்றவர்களுக்கு வீடும் கோயிலும்தான் உலகம். தபேலா வாசிப்பவர் முருகையா ஆசாரி. தச்சு வேலை. சாக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். கார்த்திகைக்குக் கார்த்திகை முருகனுக்கு விரதம், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோயிலில் தபேலா. இதில் அவருக்கும் ஒரு சிக்கல் இல்லை, எங்களுக்கும் இல்லை.

இந்தக் குழு பாடாத மொழி கிடையாது. லத்தீன் பாடியிருக்கிறார்கள். மலையாளம் பாடியிருக்கிறார்கள். கோவாவிலிருந்து வந்த ஒரு சிஸ்டருக்காக ஒரு தரம் கொங்கணி கூட... அந்த சிஸ்டர் அழுதேவிட்டார்.

எப்படி முடிகிறது? எல்லாம் ஒரு நோட்டு செய்கிற வேலை. டூ-இன்-ஒன்னில் கேசட்டைப் போடுவாள் பிலோமினா. ஒரு வரி ஓடும். டக்கென்று நிறுத்துவாள். காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவாள். பக்கத்தில் ஆசாரி விரல் முட்டியால் மேஜையில் தாளம் தட்டிக்கொண்டிருப்பார். தட்டு எந்த எழுத்தில் விழுகிறதோ, அதன் தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு. முதலில் காது, அப்புறம் தட்டு, கடைசியில்தான் அர்த்தம். அர்த்தத்துக்கு யாராவது சாமியாரையோ சிஸ்டரையோ பிடிப்பாள்.

எனக்கு அந்த நோட்டைக் கண்டாலே ஆகாது. இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் எழுதுவதா? என்னிடம் படிக்கிற பையன் எவனாவது அப்படி எழுதி வைத்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன். என் வீட்டிலேயே நடக்கிறது... யாரை ஏற்றுவது?

இந்த நிலைமையில்தான் எங்கள் பங்குச் சாமியாருக்கு வெள்ளி விழா வந்தது. குருப்பட்டம் வாங்கி இருபத்தைந்து வருடம். பிஷப் வருகிறார், வெளியூர்ச் சாமியார்கள் முப்பது பேர் வருகிறார்கள். ஒருநாள் பூசை முடிந்ததும் என்னையும் பிலோமினாவையும் கூப்பிட்டு அனுப்பினார்.

மேஜை மேல் ஒரு பழைய டைரி. அதில் ஒரு பக்கம் முழுக்க அவருடைய கையெழுத்தில் ஒரு இங்கிலீஷ் பாட்டு. மை வெளுத்துப்போய்க் கிடந்தது.

"எனக்குப் பட்டம் கொடுத்த அன்னைக்குக் கூடப் படிச்சவங்க பாடுன பாட்டு, மாஸ்டர். எங்கம்மா முன் பெஞ்சுல உக்காந்து கேட்டாங்க. ஒரு வார்த்தை புரியாம அழுதாங்க. இதை டைப் பண்ணிக் கொடுங்க. விழா அன்னைக்கு மறுபடி ஒரு தரம் கேக்கணும்."

சொல்லிவிட்டு பிலோமினா பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"நீ தப்பா நெனைக்கக் கூடாதும்மா. மத்த பாட்டெல்லாம் உங்க குழுதான். இந்த ஒண்ணை மட்டும் கான்வென்ட் பிள்ளைங்க பாடட்டுமே. இங்கிலீஷ் பாட்டுல்ல... பிஷப் எல்லாம் வர்றாங்க."

பிலோமினா "சரிங்க சாமி" என்றாள். அவ்வளவுதான். கோயில் கேட்டைத் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"கலியாண வீட்டுக்கும் கருமாதி வீட்டுக்கும் பாட நாங்க வேணும். மழை பேஞ்சாலும் இடி இடிச்சாலும் காலைப் பூசைக்கு நாங்க வேணும். பிஷப்பு முன்னாடி பாடுனா மட்டும் எங்க வாயி கோணிக்கிருமோ?"

ஒரு புருஷன் அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

"சாமி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு பிலோமி... இங்கிலீஷ்னா சும்மாவா?" என்றேன்.

அப்புறம் வீடு வரை அவள் பத்தடி முன்னால், நான் பத்தடி பின்னால். அன்று சாயங்காலக் காப்பி மேஜையில் 'ணங்' என்று வந்து உட்கார்ந்தது.

மறுநாள் என்னிடம் சொல்லாமல் தனியாகப் போய் சாமியாரைப் பார்த்திருக்கிறாள். "ஒரே ஒரு தரம் நாங்க பாடிக் கேளுங்க சாமி. நல்லா இல்லைன்னா அந்தப் பிள்ளைகளுக்கு நாங்களே விசிறி வீசுறோம்" என்றிருக்கிறாள். அவருக்கு மறுக்க மனசு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்குக் கோயிலில் ரிகர்சல். இரண்டு குழுவும் பாட வேண்டும். எது நன்றாக இருக்கிறதோ அது.

பதினைந்து வருடத்து மரியாதை அந்த சனிக்கிழமை நாலு மணியில் தொங்கிக்கொண்டு நின்றது.

இதற்கிடையில் நான் டைப் அடிக்க உட்கார்ந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டைரிப் பக்கத்தைப் பார்த்தால்... வரிக்கு வரி கமா தலைக்கு மேலே தொங்குகிறது!

பழைய இங்கிலீஷ் கவிதைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'ஓவர்' என்று எழுத மாட்டார்கள். நடுவில் இருக்கிற 'வி'யைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு அபாஸ்ட்ரஃபியைத் தொங்கவிட்டு 'ஓர்' என்பார்கள். 'நெவர்' அங்கே 'நேர்' ஆகிவிடும். 'எவர்' — 'ஏர்'. 'ஈவன்' — 'ஈன்'. 'இட் இஸ்' இரண்டையும் ஒன்றாக நசுக்கி 'டிஸ்'. இப்படி அந்த ஒரு பக்கத்தில் மட்டும் பத்தொன்பது இடத்தில் எழுத்துகள் காணாமல் போயிருந்தன.

இருபத்திரண்டு வருடமாக இதை நான் எப்படி நடத்தியிருக்கிறேன்? "இது பழைய சுருக்கம்ப்பா. பரீட்சையில இப்படி எழுதுனா மார்க் போயிரும். அடிச்சிட்டு முழுசா எழுதிக்க." வகுப்பில் கவிதையைச் சத்தமாக வாசிக்கும்போதும் அந்த இடம் வந்தால் 'ஓவர்' என்று முழுசாகத்தான் வாசிப்பேன். நாற்பது பிள்ளைகளும் திருப்பிச் சொல்லும். யாரும் பாடிப் பார்த்ததில்லை. பரீட்சையில் யார் பாடச் சொல்கிறார்கள்?

கை சும்மா இருக்குமா? பத்தொன்பது இடத்தையும் திருத்தினேன். எல்லா வார்த்தையையும் முழுசாக்கி, சுத்தமாக டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்தேன். ஒரு நகல் கான்வென்ட் டீச்சர் ரோஸ்லினுக்கு. "டியூன் எனக்கு நல்லாத் தெரியும் சார், காலேஜ்ல பாடிருக்கோம். வார்த்தைதான் மறந்துபோச்சு. நீங்க டைப் பண்ணதுன்னா கண்ண மூடிக்கிட்டு சொல்லிக் கொடுக்கலாம்" என்று வாங்கிக்கொண்டது அந்தப் பெண். இன்னொரு நகல் என் மனைவிக்கு.

பிலோமினா அதைப் பார்த்தாள். கேசட்டைப் போட்டாள். அந்தப் பாட்டு இருக்கிற கேசட்டுக்காகத் திருப்பத்தூருக்குப் பஸ் ஏறிப்போய், கன்னியர் மடத்தில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். பாட்டு ஓடியது. என் தாளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. மறுபடி ஓட்டினாள், மறுபடி நின்றது.

"ஏங்க, நீங்க எழுதியிருக்கிறது பாட்டுல நிக்கலீங்களே. எடத்துக்கு ஒண்ணு கூடுதலா வருது."

"கூடுதல் இல்ல. அதுதான் சரியான இங்கிலீஷ்."

"சரியான இங்கிலீஷா இருக்கலாம். பாட்டு அப்படி இல்லையே?"

"டைரியில கொச்சையா இருந்துச்சு. நான் திருத்திருக்கேன்."

பாடிப் பார்க்க வந்திருந்த ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆசாரிக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது. நாட்டரசன்கோட்டையில் ஒரு பெரிய வீட்டுக்கு நிலை மாற்றுகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்; சட்டையெல்லாம் மரத்தூள். மேஜையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நான் படிக்காதவன். தப்பாச் சொன்னா மன்னிச்சுக்கங்க. இந்த எடத்துல ஒரு தட்டுதான் இருக்கு. நீங்க ரெண்டு தட்டுக்கு வார்த்தை வச்சிருக்கீக. தொளை சின்னது, கட்டை பெருசு. அடிச்சு எறக்குனா பலகை பொளந்துரும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்? எம்.ஏ. படித்தவனுக்கு ஆசாரி பாடம் எடுக்கிறார்! "உங்களுக்குத் தபேலாதான் ஆசாரி தெரியும். இங்கிலீஷ என்கிட்ட விடுங்க" என்று எழுந்து போய்விட்டேன். சொன்னது எனக்கே கசந்தது. ஆனாலும் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு அப்போது எனக்கு அறிவு வரவில்லை.

மறுநாள் பார்க்கிறேன் — நான் டைப் அடித்த தாள் அரிசி டின்னுக்கு அடியில், டின் ஆடாமல் இருக்க மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

"என்ன பிலோமி இது?"

"தரை மேடு பள்ளமா இருக்குங்க."

நோட்டில் வழக்கம்போல் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். நைசாகத் திறந்து பார்த்தேன். 'ஓர்' என்று இருந்தது, 'நேர்' என்று இருந்தது, 'ஏர்' என்றும் இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒற்றைப் பென்சில் கோடு. அடப்பாவமே என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை மானம் போகப் போகிறது, கோயிலில் எந்தத் தூணுக்குப் பின்னால் உட்காரலாம் என்று அப்போதே யோசித்து வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை நாலு மணி. சாமியார் முன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் கான்வென்ட் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். தேய்த்த யூனிஃபார்ம், ரிப்பன், ஆளுக்கொரு ஜெராக்ஸ். ரோஸ்லின் டீச்சர் கீபோர்டில். இன்னொரு பக்கம் பிலோமினா குழு. ஜெசிந்தா கழுத்தில் இன்னும் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தூணுக்குப் பின்னால்.

முதலில் கான்வென்ட். கீபோர்டு அழகாக ஆரம்பித்தது. முதல் இரண்டு வரி அருமை. உச்சரிப்பு, அடடா! 'நான் டைப் அடித்ததாக்கும்' என்று தூணுக்குப் பின்னாலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றாவது வரியில் பிள்ளைகள் ஓட ஆரம்பித்தன. கீபோர்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. பிள்ளைகள் இன்னும் 'ஓவர்' சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்ததற்கு அவசர அவசரமாக 'நெவர்'. அதற்குள் கீபோர்டு இன்னொரு வரி போய்விட்டது. நாலு பிள்ளை முன்னால், பத்துப் பிள்ளை பின்னால், மீதி நாலும் வாயை மூடிக்கொண்டு டீச்சரைப் பார்க்கின்றன.

"ஃபாஸ்ட்டாச் சொல்லுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" என்றார் ரோஸ்லின் டீச்சர். முகம் சிவந்துபோனது. இரண்டாவது தடவை ஆரம்பித்தார்கள். அதே மூன்றாவது வரி. அதே ஓட்டம். ஒரு சின்னப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டது.

எனக்கு அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. பாவம், பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யவில்லை. தாளில் என்ன இருந்ததோ அதைத்தான் பாடுகிறார்கள். தொளை சின்னது... கட்டை பெரிது. கட்டையைப் பெரிதாக்கினவன் இங்கே ஒளிந்துகொண்டிருக்கிறான்.

"போதும்மா. நீங்க பாடுங்க பிலோமினா" என்றார் சாமியார்.

பிலோமினா நோட்டைத் திறந்து ஸ்டாண்டில் வைத்தாள். ஆசாரி தபேலாவைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு விரலால் மெல்லத் தட்டினார். ஒன்பது பெண்கள் வாயைத் திறந்தார்கள்.

நான் இருபத்திரண்டு வருடம் இங்கிலீஷ் கவிதை நடத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூன்றாவது வரி வந்தது. 'ஓர்...' என்று நீட்டினார்கள். அந்த ஒற்றை அசை கடல் தாண்டி, மலை தாண்டிப் போய், ஆசாரியின் தட்டு எங்கே விழுகிறதோ அங்கே வந்து இறங்கியது. 'நேர்' வந்தது, அதற்கு விட்டிருந்த இடத்தில் சரியாக உட்கார்ந்தது. ஒரு இடத்தில் கூட யாரும் ஓடவில்லை. பிடுங்கி எறிந்த எழுத்துகள் எல்லாம் எதற்காகப் போயின என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாட்டுக்கு மூச்சு விட இடம் வேண்டாமா?

சாமியாரின் உதடு கூடவே அசைந்தது. இரண்டாவது சரணத்தில் அவரும் சேர்ந்து பாடினார். கடைசி வரியில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

அந்தக் கான்வென்ட் பிள்ளைகள்தான் முதலில் கை தட்டின.

சாமியார் எழுந்து வந்து ஸ்டாண்டில் இருந்த நோட்டைப் பார்த்தார். "ஓர், ஏர், நேர்... என்னம்மா இது, விவசாயக் கையேடா?" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கான்வென்ட் தாளை வாங்கி ஒரு முறை ஓட்டமாகப் பார்த்தார். முகம் மாறியது.

"இது என் டைரியில இருந்த மாதிரி இல்லையே? யாரு இப்படி டைப் பண்ணது?"

யார் என்று அவருக்குத் தெரியாதா? கொடுத்ததே அவர்தானே. பேரைச் சொல்லாமல் கேட்கிறார். ரோஸ்லின் டீச்சர் தரையைப் பார்த்தார். அப்போது பிலோமினா முன்னால் வந்தாள்.

"டைப் மிஷின்ல கோளாறு சாமி. அந்தக் கமாக் கட்டை விழுகலை. ரிப்பேருக்குக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக..."

கோயிலுக்குள், பலிபீடத்துக்கு முன்னால், சாமியார் முகத்தைப் பார்த்து எனக்காகப் பொய் சொல்கிறாள்! எந்தப் புருஷனுக்காக? 'இங்கிலீஷ்னா சும்மாவா' என்று கேட்ட புருஷனுக்காக. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தேன்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு சாமி. மாஸ்டர்கிட்டதான் கோளாறு. நான்தான் எல்லாத்தையும் முழுசாக்கினேன். ஆசாரி அன்னைக்கே சொன்னாரு. நான் கேக்கலை."

ஆசாரியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க சார். நானும் தப்பா அளந்து எத்தனையோ கட்டையை வீணாக்கிருக்கேன்" என்றார். அந்தக் கண்ணைக் கசக்கிய பெண் குழந்தையிடமும் சொன்னேன் — "தப்பு உன்னுது இல்ல பாப்பா, என்னுது." அது சந்தேகமாகத்தான் பார்த்தது. வாத்தியார் தப்பை ஒத்துக்கொண்டு அது எங்கே பார்த்திருக்கிறது?

வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்பில் தமிழ் ஐயா நடத்தினாரே... 'தாமரை'யின் தலையை வெட்டி 'மரை' என்பது முதற்குறை. 'ஓந்தி'யின் நடுவை உருவி 'ஓதி' என்பது இடைக்குறை. 'நீலம்' வால் போய் 'நீல்' ஆவது கடைக்குறை. செய்யுளில் இடம் போதாவிட்டால் எழுத்து விட்டுக்கொடுக்கும் என்று மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கியவன் நான். நம் புலவர்கள் செய்தால் அழகு, வெள்ளைக்காரன் செய்தால் கொச்சையா? ஏன், செய்யுளை விடுங்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எங்கள் ஊரில் எவர் வாயிலாவது வருமா? 'வந்துக்கிருக்கேன்' என்று பாதி வழியிலேயே ஆளை முடித்துவிடுவோம். நம் வாய்க்கு வேண்டுமானால் எத்தனை எழுத்தையும் விழுங்குவோம். அடுத்தவன் மொழி மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு வர வேண்டும்!

சரி, கதைக்கு வருகிறேன். பாட்டு பிலோமினா குழுவுக்குத்தான் என்று ஆகிவிட்டது. ஆனால் அவள் அங்கேயே சாமியாரிடம் இன்னொன்றும் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைகளையும் எங்க கூடச் சேத்துக்கிறோம் சாமி. ஒரு வாரமாத் தொண்டை வறளப் பாடியிருக்குதுக. பாவம்."

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. டைரியில் வார்த்தை இருந்தாலும், தட்டு எங்கே விழும் என்பது நோட்டில்தான் இருந்தது; நோட்டில் இருப்பதோ தமிழ் எழுத்து. கான்வென்ட் பிள்ளைகளுக்கு அதைச் சரளமாகப் படிக்க வரவில்லை. அதனால் மூன்று நாள் சாயங்காலம் ரோஸ்லின் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிலோமினா தமிழ் நோட்டைப் பார்த்து வரி வரியாகப் பாட, அந்த டீச்சர் அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டார் — ஒவ்வொரு அபாஸ்ட்ரஃபியும் பழையபடி தலைக்கு மேலே. தமிழ் மீடியம் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ் சொல்கிறது, கான்வென்ட் டீச்சர் எழுதுகிறார், எம்.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர் காப்பி போட்டுக் கொடுக்கிறது. காப்பி நன்றாக இருந்ததாக ரோஸ்லின் டீச்சர் சொன்னார்.

விழா நாள் போன ஞாயிற்றுக்கிழமை. கோயில் உள்ளேயும் வெளியேயும் கூட்டம். இருபத்தேழு குரல், ஒரு கீபோர்டு, ஒரு தபேலா. பாட்டு மூன்றாவது வரிக்கு வந்தபோது வெளியூர்ச் சாமியார்கள் முப்பது பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் சாமியாரோடு படித்தவர்கள். கடைசிச் சரணத்தில் எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்து பாடினார்கள். பிஷப்பும்தான். எங்கள் சாமியார் பலிபீடத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அப்படியே நின்றார். அம்மா இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிற மாதிரி முன் பெஞ்சையே பார்த்தார்.

பூசை முடிந்து பந்தலில் பாராட்டுக் கூட்டம். எங்கள் பக்கத்துக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? உதவியவர்களுக்கெல்லாம் சால்வை. பங்குப் பேரவைச் செயலாளர் மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்தார். சமையலுக்கு ஒரு சால்வை. பந்தலுக்கு ஒரு சால்வை. அப்புறம் —

"நம் அனைவரின் உள்ளத்தையும் உருக்கிய ஆங்கிலப் பாடலைச் சிறப்பாகப் பயிற்றுவித்த... நமது இங்கிலீஷ் மாஸ்டர் அவர்கள் மேடைக்கு வருமாறு அன்போடு அழைக்கிறோம்!"

அவர் மேல் தப்பில்லை. ரிகர்சலுக்கு அவர் வரவில்லை. இங்கிலீஷ் என்றால் மாஸ்டர். இதில் யாரைக் கேட்க வேண்டியிருக்கிறது? எழுதிவிட்டார்.

கூட்டம் கை தட்டுகிறது. பெண்கள் பக்கம் பார்த்தேன். ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு மேடையை முறைக்கிறாள். பிலோமினா? அவளும் கை தட்டிக்கொண்டிருந்தாள். 'போங்க, போய் வாங்கிக்கங்க' என்று கண்ணால் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேடை ஏறினேன். பிஷப் சால்வையை விரித்தார். நான் கும்பிட்டுவிட்டு மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"இந்தப் பாட்டுக்கு நான் செஞ்ச ஒரே வேலை... அதைக் கெடுத்ததுதான்."

பந்தல் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"பத்தொன்பது எடத்துல கெடுத்தேன். பத்தொன்பதையும் சரியாப் பாடுனவங்க அங்க உக்காந்திருக்காங்க. பாட்டைச் சொல்லிக் கொடுத்தது பாடற்குழுத் தலைவி பிலோமினா. தாளம் சொல்லிக் கொடுத்தது முருகையா ஆசாரி. சால்வை அவங்களுக்கு."

அவள் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். ஜெசிந்தா விடுவாளா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மேடையில் ஏற்றினாள். பின்னாலேயே ஆசாரி. எங்கள் சாமியார் தன் தோளில் இருந்த சால்வையையே எடுத்து ஆசாரிக்குப் போட்டார். பிஷப் கையில் இருந்த சால்வையை என்னிடம் நீட்டினார். "நீங்களே போடுங்க மாஸ்டர்."

காரைக்குடியில், ஊரே பார்க்க, மேடையில் வைத்துப் பெண்டாட்டிக்குச் சால்வை போடுவதா? பின்வரிசையில் என்னிடம் படிக்கிற பிளஸ் டூ பையன்கள் விசில் அடித்தார்கள். சால்வையை முதலில் தலைகீழாக விரித்தேன். கல்யாணத்தன்று மாலை போடும்போது கூட இப்படித் தடுமாறவில்லை.

பிலோமினா குனிந்த தலை நிமிராமல், உதட்டை அசைக்காமல் சொன்னாள்:

"எல்லாரும் பாக்குறாக... சீக்கிரம் போட்டுத் தொலைங்க."

இங்கிலீஷ் பேப்பருக்கு நூற்றுக்கு நூறு போடுகிற வழக்கம் எங்கள் இலாகாவில் கிடையாது. அன்றைக்கு அவளுக்குப் போட்டுவிட்டேன்.